சுருள் படங்களும் துண்டுச்சீட்டுகளும்

கணினியில் ஒரு சுருளை வரைய நான்கைந்து வரி நிரல் போதும். அதைப் பார்ப்பவர்களுக்கு என்ன தெரிகிறது, ஏன் தெரிகிறது, எந்த எண்ணை மாற்றினால் அது மறைகிறது என்று தேடிப் போவதற்குத்தான் பொறுமை வேண்டும். எங்கள் ஊர் நூலகத்தின் முன்கூடத்தில் சில சுருள் படங்களைத் தொங்கவிட்டேன். பக்கத்தில் துண்டுச்சீட்டுகள், நூலில் கட்டிய பென்சில், மூடியில் துளை போட்ட ஓர் அட்டைப்பெட்டி. வந்தவர்கள் எழுதிப் போட்டதைப் படித்துப் படித்துப் படங்களைத் திருத்தினேன். அந்த வேலையின் குறிப்பு இது. வீட்டில் செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்காக எண்களையும் சேர்த்தே தருகிறேன்.

கருவி பி5.ஜேஎஸ். ஓவியர்களும் நிரல் எழுத வேண்டும் என்று கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001-இல் தொடங்கிய பிராசஸிங் என்னும் நிரல் கருவியின் வழியில், லாரன் மெக்கார்த்தி 2013-இல் உருவாக்கியது. இலவசம். உலாவியிலேயே ஓடும்.

வரையும் முறை இதுதான். கோணத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு கோணத்திலும் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று ஆரத்தைக் கணக்கிட வேண்டும். ஆரத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் கிடைமட்டத் தூரம், சைனால் பெருக்கினால் செங்குத்துத் தூரம். கிடைத்த புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் சுருள். ஆரம் எந்த விதியில் வளர்கிறது என்பதுதான் சுருளின் குணத்தைத் தீர்மானிக்கிறது.

ஒரு நுணுக்கம் உண்டு. கோணத்தை எப்போதும் ஒரே அளவில் கூட்டினால் மையத்தில் புள்ளிகள் நெருங்கியும் ஓரத்தில் விலகியும் விழும். வெளிச்சுற்றில் வளைவு உடைந்து பலகோணமாகிவிடும். இதைத் தவிர்க்க, கோணத்தின் படியை ஆரத்தைப் பொறுத்து மாற்ற வேண்டும்: 2 பிக்சலை அப்போதைய ஆரத்தால் வகுத்து வருவதே அடுத்த படி. ஆரம் சுழியமாக இருந்தால் வகுத்தல் நடக்காது என்பதால் 5 பிக்சலிலிருந்து தொடங்குங்கள். இது அழகுக்காக மட்டும் சொல்வதில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஓரம் உடைந்த சுருள் ஒன்றையும் கூடத்தில் மாட்டினேன். சீட்டுக்குச் சீட்டு ‘சிலந்தி வலை’ என்றே வந்தது. அதே சுருளை வழவழப்பாக வரைந்து மாட்டியதும் சிலந்தி போய்விட்டது. பார்ப்பவர் சொல்வதற்கும் ஒரு வகுத்தலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது அந்தப் படம்தான்.

அடுத்தது சுற்றுகளுக்கு இடையிலான இடைவெளி. ஆரம் கோணத்தோடு சீராகக் கூடினால் கிடைப்பது ஆர்க்கிமிடீஸ் சுருள். ஒரு ரேடியனுக்கு (ஏறக்குறைய 57 பாகை) 4 பிக்சல் வளர்ந்தால், சுற்றுக்குச் சுற்று இடைவெளி எங்கும் சுமார் 25 பிக்சலாகவே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஆரம் இத்தனை மடங்கு என்று பெருகினால் அது மடக்கைச் சுருள். அதில் இடைவெளி வெளியே போகப் போக விரியும். கணித அறிஞர் யாக்கோபு பெர்னூலி இந்த இரண்டாவது சுருளின் மேல் அளவற்ற காதல் கொண்டு, தன் கல்லறையில் அதைச் செதுக்கச் சொன்னார். அவர் 1705-இல் இறந்த பிறகு, சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்தில் கல்லில் இறங்கியதோ ஏறக்குறைய ஆர்க்கிமிடீஸ் சுருள். கணிதம் தெரிந்தவர்கள் இன்றும் அதைப் பார்த்து வருத்தப்படுகிறார்கள்.

நூலகத்துக்கு வந்தவர்களில் யாரும் இந்தப் பெயர்களைச் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் தெளிவாகப் பிரித்தார்கள். சீரான இடைவெளி உள்ள படத்துக்கு வந்தவை: கொசுவர்த்தி, ஜாங்கிரி, முறுக்கு, சுருட்டி வைத்த பாய், கடிகாரச் சுருள்வில், கிணற்றுக் கயிறு. இடைவெளி விரியும் படத்துக்கு வந்தவை: சங்கு, நத்தை, கைக்குழந்தையின் காது, விண்மீன் மண்டலம், ஆற்றுச் சுழல். இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வரிசையில் இருப்பவை எல்லாம் ஒரே தடிமனுள்ள ஒரு நீளமான பொருளை யாரோ சுற்றி வைத்தவை. இரண்டாவது வரிசையில் இருப்பவை தாமே வளர்ந்தவை அல்லது தாமே சுழல்பவை. முதலாவது கைவேலை, இரண்டாவது வளர்ச்சி. கணிதம் சொல்லும் வேறுபாட்டையே கண் சொல்லிவிடுகிறது. இதைக் கண்ட அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் தீரவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாட்டிலஸ் என்னும் கடலுயிரின் சிப்பிப் படத்தைப் போட்டு ‘பொன்விகிதச் சுருள்’ என்று எழுதுவது எங்கும் வழக்கமாகிவிட்டது. பொன்விகிதச் சுருள் கால் சுற்றுக்குப் பொன்விகித அளவில், அதாவது சுமார் 1.618 மடங்கு விரிவதால், ஒரு சுற்றில் ஏறக்குறைய 6.85 மடங்கு விரியும். நாட்டிலஸ் விரிவதோ சுமார் 3 மடங்கு. நான் 3 மடங்கில் வரைந்த படத்துக்குத்தான் ‘சங்கு’, ‘நத்தை’ என்ற விடைகள் மிகுதியாக வந்தன. 6.85-இல் வரைந்தபோது, அவ்வளவு விரைவாக விரிவதால் தாளுக்குள் இரண்டு சுற்றுகூட முழுதாகத் தெரியவில்லை. ‘அலை’, ‘யானைத் துதிக்கை’, ‘பெரணியின் இளந்தளிர்’ என்று எழுதினார்கள். சிப்பி அதில் யார் கண்ணுக்கும் படவில்லை.

திசைக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன்.

பள்ளிக் கணிதத்தில் செங்குத்து அச்சு மேல்நோக்கிப் போகும். கணினித் திரையில் அது கீழ்நோக்கிப் போகும். ஆகவே கோணம் கூடக் கூடக் கோடு கடிகார முள் போகும் திசையில் திரும்பும். எதையும் மாற்றாமல் பி5-இல் வரைந்த சுருள், மையத்திலிருந்து வெளியே வரும்போது கடிகாரத் திசையில் விரியும். வெளியிலிருந்து விரலால் உள்ளே தடவிப் போனால் விரல் எதிர்த்திசையில் சுற்றும். வட அரைக்கோளத்துப் புயலில் மேகக் கைகள் அப்படித்தான் உள்ளே சுற்றிப் போகின்றன. வங்கக் கடல் புயல்களின் செயற்கைக்கோள் படத்தை ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்கள் நாம். வெள்ளைக் கோடு, கருநீலப் பின்புலம், விரியும் இடைவெளி, நடுவில் சிறிய வெற்றிடம். இந்த நான்கும் சேர்ந்தவுடன் சீட்டுகளில் ‘புயல்’ கொட்டியது. ஒருவர் வெறுமனே ‘கஜா’ என்று எழுதிப் போட்டிருந்தார். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த அந்தப் புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை என்ன செய்தது என்று அறிந்தவர்களுக்கு, அந்த இரண்டெழுத்துக்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

சரி, நான்கில் எது புயலைக் கொண்டுவருகிறது? ஒவ்வொன்றாக மாற்றினேன். நிறத்தை மாற்றிப் பழுப்புத் தாளில் கறுப்புக் கோடாக வரைந்தாலும் ‘புயல்’ குறைந்தபாடில்லை, வானிலை வரைபடம் என்று சொன்னவர்களே கூடினார்கள். நடுவிலிருந்த வெற்றிடத்தை மூடி, கோட்டை மையப்புள்ளி வரை கொண்டுபோனபோது புயல் ஓரளவு குறைந்தது. கண் இல்லாத புயலை யாரும் நம்புவதில்லை போலும். படத்தை இடவலமாகத் திருப்பி, கண்ணாடியில் தெரிவதைப் போல மாட்டியபோதுதான் பெரிய மாற்றம். நிறம் அதே, வெற்றிடம் அதே, இடைவெளி அதே. ஆனால் ‘புயல்’ என்று எழுதியவர்கள் மிகவும் குறைந்துவிட்டார்கள். சங்கு, பிறக்காத குழந்தை, தும்பிக்கை என்று வேறு பக்கம் போனார்கள். ‘ஏதோ புயல் போல இருக்கிறது, ஆனால் என்னவோ சரியில்லை’ என்று ஒரு சீட்டு. எழுதியவருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

சங்கிலும் இதே திசைச் சிக்கல் உண்டு. நம் மரபில் அரிதாகக் கிடைக்கும் வலம்புரியை விலங்கியலார் இடப்பக்கச் சுருள் என்பார்கள். சங்கை எந்த முனை மேலே இருக்கும்படி பிடிக்கிறோம் என்பதில் இரு தரப்பும் மாறுபடுவதுதான் காரணம். தாளில் வரைந்த சுருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. எப்படித் தலைகீழாக்கினாலும் அதன் சுற்றும் திசை மாறாது. இதைக் கூடத்திலேயே படத்தைக் கழற்றிச் சுழற்றிக் காட்டினேன். தேர்வுக்குப் படிக்க வந்திருந்த மாணவர்கள் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இதைப் பற்றி வாதாடினார்கள்.

கோட்டின் முனையும் பேசும். சுருளின் வெளி முனையைப் படிப்படியாக மெலிய வைத்தால் அது வால். மையம் தலையாகிப் பாம்பு உள்ளே சுருண்டு படுத்துவிடும். வெளி முனையைத் தடிமனாக்கினால் தலை வெளியே வந்து பாம்பு நிமிர்ந்துவிடும். தடிமனை 1 பிக்சலிலிருந்து 9 பிக்சல் வரை ஆரத்தோடு கூட்டினாலே போதும். தடிமன் எங்கும் ஒன்றாக இருந்த படத்தில் பாம்பைக் கண்டவர்கள் அரிது. பாம்பு என்றால் அச்சம் உள்ளவர்கள் படத்தருகே நிற்காமல் போவதையும் பார்த்தேன். அதனால் அந்தப் படத்தைக் குழந்தைகள் பகுதியிலிருந்து எடுத்துவிட்டேன்.

அச்சுக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஏ3 தாளின் அகலம் 297 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் படம் 3508 பிக்சல் இருக்க வேண்டும். முடிந்தால் கோட்டு வடிவக் (வெக்டர்) கோப்பாகவே கொடுங்கள், ஓரம் பிசிறடிக்காது. நிறம் மெல்ல மாறும் பின்புலமாக இருந்தால் பட்டை பட்டையாக அச்சாகும். மெல்லிய மணல் தூவலைப் படத்தில் கலந்துவிட்டால் பட்டைகள் மறையும். நான் கொடுத்த அச்சகத்தில் ஒரு படத்தைத் தாளின் நீளத்துக்கு ஏற்ப இழுத்துவிட்டார்கள். வட்டச் சுருள் நீள்வட்டமாகி வந்தது. அதையும் மாட்டினேன். மற்ற எந்தப் படத்துக்கும் வராத விடை அதற்கு வந்தது: ‘கண்’. பிறகு நானே வேண்டுமென்று அகலத்தை உயரத்தைவிட ஒன்றரை மடங்காக்கி ஒரு படம் செய்தேன். அதில் கண் இன்னும் நன்றாகத் திறந்துகொண்டது.

மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக், பார்ப்பவரின் மனத்தை அறிவதற்காக 1921-இல் வெளியிட்ட 10 மைக்கறைப் படங்களைப் பலர் அறிந்திருப்பார்கள். தாளை மடித்து எடுத்த அந்தக் கறைகள் இடமும் வலமும் ஒத்தவை. முகமும் வண்ணத்துப்பூச்சியும் விலங்கும் அவற்றில் எளிதாகத் தோன்றிவிடும். சுருளில் இடவல ஒப்புமை கிடையாது. என் பெட்டியில் விழுந்த சீட்டுகளில் முகம் என்ற சொல் ஏறக்குறைய இல்லவே இல்லை. பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல் அதிகம்: ‘உள்ளே இழுக்கிறது’, ‘விழுகிறேன்’, ‘ஏதோ திறக்கிறது’. மனித மூளை கண்ணில் விழும் படத்தை அப்படியே படியெடுப்பதில்லை. பார்வையின் நடுப்பகுதியைப் பெரிதாகவும் ஓரத்தைச் சிறிதாகவும் மாற்றி, மூளையின் பின்பகுதியில் விரித்து வைக்கிறது. அந்த மாற்றத்தில் மடக்கைச் சுருள் ஏறக்குறைய ஒரு சாய்கோடாகிவிடும். 1920-களில் ஹைன்ரிக் குளூவர், மெஸ்கலின் என்னும் மாயத்தோற்றம் தரும் போதைப்பொருளை உட்கொண்டவர்கள் காணும் வடிவங்களை நான்கு வகையாகப் பிரித்தார். அதில் ஒன்று சுருள், மற்றொன்று சுரங்கம். 1979-இல் எர்மென்ட்ராவுட்டும் கோவனும் மூளையில் எழும் எளிய கோட்டு அலைகளே அப்படிச் சுருளாகத் தெரிகின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ‘விழுகிறேன்’ என்று எழுதியவரை மிகைப்படுத்துகிறவர் என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு எனக்கு இது போதும்.

அடுத்தது, சுருளே இல்லாத ஒரு படம். ஜேம்ஸ் ஃப்ரேசர் 1908-இல் வெளியிட்ட தோற்றமயக்கம் அது. உண்மையில் ஒரே மையமுள்ள தனித்தனி வட்டங்கள்தான். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் சாய்ந்த துண்டுகளால் ஒவ்வொரு வட்டத்தையும் முறுக்கிய கயிறாக வரைய வேண்டும். சாய்வு எல்லா வட்டத்திலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். வரைந்து முடித்துவிட்டு நானே நிரலைத் திறந்து, வட்டம்தானா என்று சரிபார்த்துக்கொண்டேன். ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதன் முன்னால் நின்றாள். ஆள்காட்டி விரலை வெளிக்கோட்டில் வைத்து மெல்ல நகர்த்தினாள். விரல் ஒரு சுற்று போய்த் தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றது. மறுபடி வைத்தாள். மறுபடி அதே இடம். பக்கத்தில் இருந்த தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்து, “தாத்தா, நீங்கள் வைத்துப் பாருங்கள், உள்ளே போகவே விடமாட்டேன் என்கிறது” என்றாள். தாத்தாவும் வைத்துப் பார்த்தார். அவர் சீட்டில் எழுதியது: ‘செக்குமாடு’. எனக்குக் கிடைத்த விடைகளிலேயே இதற்கு ஈடு எதுவும் இல்லை. கண் ஏமாந்ததும், விரல் கண்டுபிடித்ததும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன.

நகரும் படங்களைக் கூடத்திலிருந்த ஒரு பழைய திரையில் ஓட்டினேன். வெளியே கடிகாரத் திசையில் விரியும் சுருளைக் கடிகாரத் திசையிலேயே சுழற்றினால் கோடுகள் உள்ளே ஒடுங்குவதாகத் தெரியும். எதிர்த்திசையில் சுழற்றினால் வெளியே பெருகும். ஒரு சுற்றுக்கு 2 நொடி வைத்தேன். நொடிக்கு 3 முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்பது இணைய அணுகல் நெறி. வலிப்பு நோய் உள்ளவர்களும் நூலகத்துக்கு வருவார்கள் என்பதால் இதில் விளையாடக் கூடாது. கைகள் பல உள்ள சுருளை இன்னும் மெதுவாகச் சுழற்றுங்கள். ஒடுங்கும் சுருளை அரை நிமிடம் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தால் சுவர் விரியும். பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே எழுதிவைத்த விளைவு இது. ‘எதிர்ச்சுவர் மூச்சு விடுகிறது’ என்று ஒருவர் எழுதினார்.

இந்தத் திரையில்தான் தலைமுறை வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் எழுதியது ‘பழைய நினைவு’, ‘பிளாஷ்பேக்’, ‘கொசுவர்த்தி’. சுழலும் சுருள் வந்தால் கதை பின்னோக்கிப் போகிறது என்று தமிழ்த் திரைப்படம் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. கல்லூரி மாணவர்கள் எழுதியது ‘லோடிங்’, ‘நெட் இல்லை’. ஒரே அசைவு ஒருவருக்கு இறந்தகாலம், இன்னொருவருக்கு இன்னும் வந்து சேராதது. இதை எந்த எண்ணாலும் திருத்த முடியவில்லை, வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் பார்த்துவிட்டேன். படத்தின் அளவுகளால் வரும் விடைகள் உண்டு, பார்ப்பவர் கூடவே கொண்டுவரும் விடைகளும் உண்டு என்று பிரித்துவைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது வகைக்கு இன்னொன்று. 1979-இல் ஹெல்முட் ஃபோகல் சொன்ன சூரியகாந்தி விதியில் ஒரு படம் இருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் 137.508 பாகை திரும்பி, வரிசை எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வெளியே வைத்துக்கொண்டே போக வேண்டும். பலர் சூரியகாந்தி என்றார்கள். கோணத்தை 137.3 ஆக்கியதும் புள்ளிகளுக்கிடையே இடைவெளி விழுந்து சுழல் கைகள் முளைத்தன, பட்டாசுச் சக்கரம் என்றார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “தம்பி, இது நல்ல சுழி, அது ஆகாத சுழி. இரண்டையும் ஒன்றாக மாட்டக் கூடாது” என்றார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பதோடு உடலில் மயிர் சுழித்திருக்கும் இடத்தையும் பார்த்து வாங்குகிறவர் அவர். “எப்படிக் கண்டுபிடித்தீர்கள், ஐயா?” என்று கேட்டேன். மயிர் எங்கும் வெட்டுப்படாமல் நிறைந்து திரும்பினால் நல்லது, நடுவே பிளந்து தோல் தெரிந்தால் ஆகாது என்றார். 137.508-க்கும் 137.3-க்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. படங்களை எதிரெதிர்ச் சுவருக்கு மாற்றினேன்.

தலைப்பு விஷயத்தில் என் முடிவு உறுதியானது: வைக்கக் கூடாது. சீரான இடைவெளி உள்ள அதே படத்துக்கு ஒரு வாரம் ‘பயணம்’ என்று பெயர் எழுதி ஒட்டினேன். மலைப்பாதை, கோயில் பிரகாரம் என்று வந்தது. மறுவாரம் ‘பசி’ என்று ஒட்டினேன். குடல், காலித் தட்டு, இரைப்பை. கொசுவர்த்தியும் ஜாங்கிரியும் இருந்த இடம் தெரியவில்லை. ஓவியர் மார்செல் டூஷான் 1935-இல் கிராமபோன் தட்டில் வைத்துச் சுழற்றுவதற்காக அச்சிட்ட வட்டுகளுக்கு நத்தை, வேகவைத்த முட்டை, ஜப்பானிய மீன் என்றெல்லாம் பெயர் வைத்தார். அவருக்கு அது பொருந்தியது, வட்டு சுழன்றதும் தட்டையான கோடுகள் புடைத்து அந்தப் பொருளாகவே எழுந்து நிற்கும். நிலையான படத்தில் பெயர் பார்ப்பவரின் வாயை அடைத்துவிடுகிறது. இப்போது எண் மட்டும் போடுகிறேன்.

கேள்வியையும் கவனித்து எழுத வேண்டும். ‘இது என்ன?’ என்று கேட்டால் தேர்வு எழுதுவதாக நினைத்துச் சரியான விடையைத் தேடுகிறார்கள், பலர் சீட்டைத் தொடுவதே இல்லை. ‘இங்கே என்ன நடக்கிறது?’ என்று மாற்றியதும் பெட்டி நிறைந்தது. சீட்டின் பின்புறம் ‘எந்த இடத்தைப் பார்த்து அப்படித் தோன்றியது?’ என்று சிறிய சுருள் ஒன்றை அச்சிட்டு, குறி போடச் சொன்னேன். திருத்துவதற்கு அதிகம் உதவியது இந்தக் குறிதான். புயல் என்றவர்கள் நடுவிலும், பாம்பு என்றவர்கள் வெளி முனையிலும், சங்கு என்றவர்கள் கடைசிச் சுற்றின் அகன்ற இடைவெளியிலும் குறித்திருந்தார்கள். நீங்கள் செய்வதானால் முதல் நாளிலிருந்தே இதைச் சேர்த்துவிடுங்கள்.

திசைக் கணக்கு மட்டும் பாக்கி. தென் அரைக்கோளத்தில் புயல் கடிகாரத் திசையில் சுழலும். என் ஊகம் சரியென்றால், இங்கே புயலாகத் தெரியாத கண்ணாடிப் பிரதி அங்கே புயலாகத் தெரிய வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கடற்கரையில் வசிக்கும் என் சித்தப்பா மகளுக்கு இரண்டு கோப்புகளையும் அனுப்பியிருக்கிறேன். எது எது என்று அவளிடமும் சொல்லவில்லை. அவள் வேலை செய்யும் பள்ளியில் மாட்டிவிட்டுச் சீட்டுகளைப் படமெடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.